சொன்னாராம்

நாலு வருடம் என் வாக்கியங்கள் எல்லாம்
ஒரே விகுதியில் முடிந்தன.
வேண்டாமாம்.
அடுத்த மாதம் பார்க்கலாமாம்.
யோசிக்கிறாராம், அவசரப்படுத்த வேண்டாமாம்.

பீடோங் கடைத்தெருவில், டயர்க் கடைக்கு மேலே
எட்டு மேசை, ஒழுகும் ஒரு ஏர்கோன்.
செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளுக்கு
எந்த ஆலை, எந்த நேரம், என்ன விலை என்று
கைப்பேசியில் சொல்லும் சின்னக் கம்பெனி.
யுகேந்திரன் தொடங்கியது.
நான் அவன் நாட்குறிப்பு, அவன் கடிதம், அவன் மறதி,
கதவைச் சாத்தியபின் அவன் கத்துவதைக் கேட்கும் சுவர்.
அட்டையில் 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்' என்றிருந்தது.
லோரிக்காரர்கள் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு
கிராணி என்றார்கள்.
தப்பில்லை.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன்:
அவன் சொல்லாததையும் சொன்னானாம் என்றிருக்கிறேன்.
டீசல் முன்பணத்தை நிறுத்தியது நான்.
பாடாங் செராய் கிளையை மூடியது, பாதிக்கு மேல், நான்.
"பாஸ் முடிவு பண்ணிட்டாராம்" என்று
உதட்டைப் பிதுக்கினேன், எனக்கும் வருத்தம்போல.
அவன் பெயர் நனைந்தது.
நான் நனையவில்லை.

பதவி உயர்வு ஒரு செவ்வாய்க்கிழமை
மீ கோரெங் பொட்டலத்துக்கு நடுவில் வந்தது.
"இனிமே ஆபரேஷன்ஸ் முழுக்க உன்னுது.
என்னைக் கேக்காத" என்றான்.
முதல் மின்னஞ்சலின் அடியில் அவன் பெயரை அடித்து,
அழித்து, என் பெயரை அடித்து,
அதையும் அழித்து, வெறுமனே 'நன்றி' என்று அனுப்பினேன்.
இரண்டு வாரம் எல்லாவற்றையும் அவனையே கேட்டேன்.
பதிலுக்கு ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை.

நவம்பர். மூன்று நாள் மழை.
ஆலையில் பாய்லர் படுத்துவிட்டது.
ரேம்ப்பில் இருபத்துமூன்று லோரி,
உள்ளே குலைகள் சூடேறிப் புளிக்கின்றன.
ஒன்பதே முக்காலுக்கு முனிரத்தினம் கூப்பிட்டார்:
"என்ன செய்யச் சொல்றாரு?"
யுகேந்திரன் சிங்கப்பூரில், முதலீட்டாளர்களோடு சாப்பாட்டில்.
வாயைத் திறந்தேன்.
பழைய விகுதி தானாக வந்து நின்றது,
செருப்பு மாட்டிக் கிளம்பத் தயாராக.
"குவாலா கெட்டிலுக்குத் திருப்புங்க.
விலை வித்தியாசத்தைக் கம்பெனி ஏத்துக்கும்."
வைப்பர் சத்தம். பிறகு,
"யாரு சொன்னது?"
"நான்."
சொன்னபின் தண்ணீர் குடித்தேன்.

பத்தொன்பது லோரி இறக்கிவிட்டது.
நாலைத் தண்ணீர் ஏறியதென்று திருப்பி அனுப்பினார்கள்.
முப்பத்தெட்டாயிரம் வெள்ளி.
மாதக்கடைசிக் கூட்டத்தில் அந்த எண் சிவப்பில்,
பக்கத்தில் 'தேவமலர்'.
யுகேந்திரன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
அடுத்த பக்கத்தைத் தட்டினான்.
திட்டியிருக்கலாம்.
எத்தனை இரவு அவன் இப்படி
ஒரு எண்ணோடு தனியாக உட்கார்ந்திருப்பான்,
பக்கத்து அறையில் நான்
பிழையில்லாமல் மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தபோது.

என் பழைய நாற்காலியில் இப்போது சர்வின்.
இருபத்தைந்து வயது, நல்ல பிள்ளை,
என்னைவிட வேகமாகத் தட்டுவான்.
இன்று வெளிப்படியில் ஏறும்போது கேட்டது,
கீழே டயர்க் கடை வாசலில் யாரிடமோ:
"நாளையிலேர்ந்து உதிரிப்பழம் எடுக்கக் கூடாதாம்.
தேவாக்கா முடிவு பண்ணிட்டாங்களாம்."

நான் அப்படிச் சொல்லவே இல்லை.

நடுப்படியில் நின்றேன்.
இறங்கிப் போய்த் திருத்தலாம்.
உதிரிப்பழத்தை நிறுத்துவது, யோசித்தால்,
சரியான முடிவுதான்.
மழை வலுத்தது.
அவன் கடைக்கூரைக்கு அடியில், சட்டை உலர்ந்து,
உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றான்.
சாரல் படிக்கட்டில் என் பக்கம்தான் அடித்தது.